அத்தை எதனால் இறந்தாள்? மேரி-கிளேர் கிங்கின் ஆய்வு வாழ்வை வாசித்தல்

1866இல் பாரிசில் வெளிவந்த, உடற்கட்டிகளைப் பற்றிய ஒரு மருத்துவ நூலில் ஒரு குடும்பத்தின் அட்டவணை இருக்கிறது. நூலை எழுதியவர் பால் புரோக்கா. மூளையில் பேச்சுக்குரிய பகுதியைக் கண்டறிந்தவர் என்று இன்றும் பாடநூல்களில் இடம்பெறுபவர். அந்த அட்டவணையில் ஒரே குடும்பத்தின் நான்கு தலைமுறைப் பெண்கள் வருகிறார்கள். அவர்களில் பலர் மார்பகப் புற்றுநோயால் இறந்திருக்கிறார்கள். இந்த நோய் குடும்பத்தில் தொடரக்கூடும் என்பதற்கு மருத்துவ வரலாறு காட்டும் முன்னோடிச் சான்றுகளில் அது ஒன்று. அது புரோக்காவின் மனைவியுடைய குடும்பம். யார் எந்த நோயில் போனார்கள் என்ற விவரம் அந்த வீட்டின் நினைவிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். ஆனால் வரலாற்றில் நின்ற பெயர் புரோக்கா. மனைவியின் பெயர் அதேல் அகஸ்தீன் லுகோல் என்பதைத் தேடித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

பெண்களின் நினைவு எப்போது சான்றாக மாறுகிறது, சான்றாக மாறிய பிறகு யாருக்குச் சொந்தமாகிறது? இந்தக் கேள்வியோடுதான் மேரி-கிளேர் கிங் என்ற மரபியலாளரின் ஆய்வு வாழ்வை வாசிக்க விரும்புகிறேன். நான் தமிழ் படித்தவள். ஆய்வகத்துக்குள் நின்று பேசத் தகுதி இல்லாதவள். ஆனால் ஒரு கண்டுபிடிப்பு எப்படிச் சொல்லப்படுகிறது, அதில் யார் எழுவாய், யார் செயப்படுபொருள் என்று பார்ப்பது என் துறைக்குள் வரும் வேலை.

கிங் 1946இல் அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் பிறந்தவர். முதலில் படித்தது கணிதம். பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஆலன் வில்சனிடம் முனைவர் பட்ட ஆய்வு செய்தார். மனிதருக்கும் சிம்பன்சிக்கும் புரதங்கள் ஏறத்தாழ 99 விழுக்காடு ஒத்திருக்கின்றன என்று இருவரும் சேர்ந்து 1975இல் எழுதிய கட்டுரை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. வியட்நாம் போருக்கு எதிராகத் தெருவில் நின்ற தலைமுறை அவருடையது. 1973இல் சிலி நாட்டில் கற்பிக்கப் போனார். அந்த ஆண்டு செப்டம்பரில் அலெண்டே அரசு ராணுவத்தால் கவிழ்க்கப்பட்டது. பெர்க்லிக்குத் திரும்பியவர், 1974இல் மார்பகப் புற்றுநோய் பற்றிய ஆய்வைத் தொடங்கினார்.

அப்போது புற்றுநோய் ஆய்வில் வைரஸ்களுக்குத்தான் மவுசு. மார்பகப் புற்றுப் போன்ற சிக்கலான, பரவலான நோய்க்கு ஒற்றை மரபணுவைத் தேடுவது வீண்வேலை என்று பலர் கருதினார்கள். கிங்கின் கேள்வி சிறியது, ஆனால் துல்லியமானது. எல்லாப் பெண்களுக்கும் இந்த நோய் ஏன் வருகிறது என்று அவர் கேட்கவில்லை. சில குடும்பங்களில் மட்டும் அம்மா, பெரியம்மா, அக்கா, மகள் என்று வரிசையாக, அதுவும் இளம் வயதிலேயே ஏன் வருகிறது என்று கேட்டார். 1988இல் பெத் நியூமனும் அவரும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு 1,579 குடும்பங்களை எடுத்துக்கொண்டது. அவற்றில் ஏறக்குறைய 4 விழுக்காட்டுக் குடும்பங்களில் நோயின் பரவலை, ஒரு மரபணு வழிவழியாகக் கடத்தப்படுவதாகக் கொண்டால் விளக்க முடியும் என்று கணக்குக் காட்டியது. மரபணு இன்னும் கண்ணில் படவில்லை. அது இருக்க வேண்டும் என்பதைக் கணிதம் சொல்லியது.

அடுத்த வேலை அது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது. இதை என் மாணவிகளுக்கு ஏட்டுச்சுவடியை வைத்துத்தான் விளக்குவேன். ஓர் ஏட்டில் நேர்ந்த எழுத்துப் பிழை, அதைப் பார்த்துப் படியெடுத்த ஏடுகளிலும் தொடரும். பல ஊர்களிலிருந்து வந்த சுவடிகளை அருகருகே வைத்து, எந்தப் பாடபேதம் எவற்றில் சேர்ந்து வருகிறது என்று பார்த்தால், எந்த ஏடு எதன் வழி வந்தது என்று பதிப்பாசிரியருக்குத் தெரிந்துவிடும். கிங்கின் குழு செய்ததும் ஏறக்குறைய இதுதான். இருக்கும் இடம் ஏற்கெனவே தெரிந்த மரபணு அடையாளங்களை ஒவ்வொன்றாக எடுத்து, குடும்பத்தில் நோய் போகும் வழியிலேயே எந்த அடையாளமும் கூடப் போகிறதா என்று சோதித்தார்கள். சேர்ந்தே போகிறது என்றால், நோய்க்குக் காரணமான பிழை அதன் பக்கத்தில்தான் இருக்க வேண்டும்.

23 குடும்பங்கள், அவற்றில் 146 மார்பகப் புற்றுநோயாளிகள். எல்லாரையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது தெளிவான விடை கிடைக்கவில்லை. பின்னர் குடும்பங்களை, நோய் தாக்கிய சராசரி வயதின்படி இளையதிலிருந்து வரிசைப்படுத்தினார்கள். இளம் வயதில் நோய் வந்த குடும்பங்களில் குரோமோசோம் 17இன் ஒரு பகுதி பளிச்சென்று தெரிந்தது. மூத்த வயதில் வந்த குடும்பங்களில் அது இல்லை. 1990 அக்டோபரில் சின்சினாட்டி மாநாட்டில் அறிவிக்கப்பட்டு, டிசம்பரில் சயின்ஸ் இதழில் வெளியான இந்த முடிவுதான் பி.ஆர்.சி.ஏ.1 என்ற மரபணுவின் இருப்பிடத்தை உலகுக்குச் சொன்னது.

இந்த இடத்தில் நான் சற்று நிற்கிறேன். அந்த வரிசையைச் சாத்தியமாக்கிய தகவல் எது? எந்தப் பெண்ணுக்கு எந்த வயதில் நோய் கண்டது என்பது. 'அம்மாவுக்கு முப்பத்தெட்டு வயசு, சின்ன அக்காவுக்கு அதுகூட ஆகலை' என்ற வகைப் பேச்சு அது. வீட்டுக்குள் பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது. வம்பு என்றும் புலம்பல் என்றும் ஒதுக்கப்படுவது. அந்தப் பேச்சை எடுத்து, மருத்துவப் பதிவோடு ஒத்துப்பார்த்து, கணக்காக மாற்றிய இடத்தில்தான் கிங்கின் முறைக்கு உயிர் இருக்கிறது. அறிவியலைத் தனி மேதையின் மூளையில் தேடுகிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

பொதுவெளியில் கிங்கின் கதை சொல்லப்படும் விதத்தில் எனக்குள்ள மனக்குறையும் இதுதான். 'டீகோடிங் ஆனி பார்க்கர்' என்ற திரைப்படம் 2013இல் வந்தது. தாயையும் சகோதரியையும் இந்த நோய்க்குப் பறிகொடுத்து, தானும் நோயுற்ற ஆனி பார்க்கராக சமந்தா மார்ட்டன் நடித்தார். கிங்காக ஹெலன் ஹன்ட் நடித்தார். நோயாளியின் வாழ்வையும் ஆய்வாளரின் வாழ்வையும் இணைகோடுகளாக வைத்த உத்தி நல்லது. எங்கள் குடும்பத்தில் ஏதோ இருக்கிறது என்று ஒரு பெண் தன் உடம்பால் அறிந்ததை நம்பிக் கேட்டது பாராட்டுக்குரியது. ஆனாலும் இரண்டு தனிமனிதர்களின் விடாமுயற்சிக் கதையாகவே அது மனதில் தங்குகிறது. ஊசிக்குக் கை நீட்டிய மற்ற குடும்பங்களின் பெண்களும், கட்டுரையில் கிங்குக்கு முன்னால் பெயர் உள்ள சகாக்களும் பின்னணியாகிவிடுகிறார்கள். சாதித்த பெண்ணைப் பற்றி நம் பத்திரிகைகள் எழுதும் கட்டுரைகளும் இதே அச்சில் வார்த்தவைதான்.

கிங் தானே மேடையில் சொன்ன ஒரு சம்பவம் உண்டு. ஆண்டு 1981. கணவர் பிரிந்துபோய்ச் சில நாட்களே ஆகியிருந்தன. ஆய்வு நிதிக்காகப் பேச அவர் வாஷிங்டன் போயாக வேண்டும். மகளுக்கு ஐந்து வயது. பார்த்துக்கொள்ள வந்த தாயோ மணமுறிவைக் கேட்டுக் கோபித்துக்கொண்டு ஊர் திரும்புகிறார். விமான நிலையத்தில் தாயை வழியனுப்பிவிட்டு வரும்வரை, முன்பின் தெரியாத ஒருவர் குழந்தையைப் பார்த்துக்கொள்ள முன்வருகிறார். அவர் புகழ்பெற்ற பேஸ்பால் வீரர் ஜோ டிமாஜியோ. அந்தப் பயணத்தில் கிடைத்த நிதிதான் பின்னால் பி.ஆர்.சி.ஏ.1 வரை கொண்டுபோன ஆய்வுக்கு அடித்தளம். கேட்பவர்கள் இதைச் சிரிப்போடு கேட்கிறார்கள். கிங்கும் நகைச்சுவையாகத்தான் சொல்கிறார். எனக்கு அதைக் கேட்டால் பதைப்பாக இருக்கிறது. லட்சக்கணக்கான பெண்களின் உயிரோடு தொடர்புடைய ஓர் ஆய்வு, ஒரு குழந்தையைச் சில நிமிடம் யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வியில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. டிமாஜியோ வராத விமான நிலையங்களில் நின்றுபோன ஆய்வுகளைப் பற்றி எந்த மேடையிலும் கதை இல்லை.

கிங்கின் வாழ்வில் பெண்களின் நினைவு சான்றாக மாறிய இன்னொரு இடம் அர்ஜென்டினா. 1976 முதல் 1983 வரை நடந்த ராணுவ ஆட்சியில் ஆயிரக்கணக்கானோர் காணாமல் ஆக்கப்பட்டார்கள். கர்ப்பிணிகள் சிறையில் பிள்ளை பெற்றபின் கொல்லப்பட்டார்கள். குழந்தைகள் ராணுவத்தாருக்கும் அவர்களுக்கு வேண்டியவர்களுக்கும் கொடுக்கப்பட்டார்கள். அப்படிப் பறிபோன பேரக்குழந்தைகள் ஏறத்தாழ ஐந்நூறு பேர் என்று பிளாசா தே மாயோ சதுக்கத்தில் கூடிய பாட்டிமார் சொன்னார்கள். 1977இல் இயக்கமாகத் திரண்ட இவர்கள் விஞ்ஞானிகளிடம் ஒரு கேள்வியோடு போனார்கள். பெற்றோர் உயிரோடு இல்லாதபோது பாட்டியின் ரத்தத்தை வைத்துப் பேரப்பிள்ளையை அடையாளம் காண முடியுமா?

கேள்வி பாட்டிமாருடையது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். அதற்கு விடை தேடிய மரபியலாளர்களில் ஒருவராக 1984இல் கிங் அங்கே போனார். பாட்டியுடனான உறவைக் கணக்கிடும் முறைக்கு அங்கே 'பாட்டிமைக் குறியீடு' என்ற பொருளில் பெயரே வைத்தார்கள். பின்னர் கிங் மைட்டோகாண்டிரியா டிஎன்ஏவைப் பயன்படுத்தினார். உயிரணுவில் இருக்கும் இந்தச் சிறு பகுதி தாய் வழியாக மட்டுமே பிள்ளைக்கு வருகிறது. தாயின் தாயிடம் இருப்பதுதான் பேரக்குழந்தையிடமும் இருக்கும். நடுவில் உள்ள மகளைக் கொன்று புதைத்தாலும் அந்தச் சரடு அறுவதில்லை. 1987இல் அர்ஜென்டினா தேசிய மரபணுத் தரவு வங்கியை நிறுவியது. இதுவரை 130க்கும் மேற்பட்ட பேரப்பிள்ளைகள் தங்கள் பிறப்பை அறிந்திருக்கிறார்கள். சான்று கேட்ட அரசுக்கு முன்னால் பாட்டிமார் தங்கள் உடம்பையே சான்றாக வைத்தார்கள்.

அதே காலத்தில் அமெரிக்காவில் கதை வேறு திசையில் போனது. பி.ஆர்.சி.ஏ.1 இருக்கும் இடம் தெரிந்ததும் அதைத் துல்லியமாகப் பிரித்தெடுக்கப் பல குழுக்கள் போட்டியிட்டன. 1994இல் வென்றது யூட்டா மாநிலத்தில் மார்க் ஸ்கோல்னிக் தலைமையிலான குழு. மிரியட் ஜெனடிக்ஸ் என்ற நிறுவனம் அதன் பின்னால் இருந்தது. அவர்களுக்கும் குடும்ப நினைவுதான் மூலதனம். யூட்டாவின் மோர்மன் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் பேணிவந்த வம்சாவளிப் பதிவுகளை ஸ்கோல்னிக் புற்றுநோய்ப் பதிவேட்டோடு இணைத்திருந்தார். ஆனால் கிடைத்த மரபணு காப்புரிமைக்குள் போனது. அமெரிக்காவில் அதைச் சோதிக்கும் வணிக உரிமை நடைமுறையில் ஒரே நிறுவனத்திடம் இருந்தது. கட்டணம் 3,000 டாலரைத் தாண்டியது. முடிவில் சந்தேகம் வந்தால் வேறொரு ஆய்வகத்தில் சரிபார்க்கவும் வழியில்லை.

ஒரு பெண்ணின் உடம்புக்குள், அவள் தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ வந்த ஒன்றைப் படித்துப் பார்க்க ஒரு கம்பெனியின் அனுமதி வேண்டும் என்ற நிலையை எதிர்த்து 2009இல் வழக்குத் தொடரப்பட்டது. மருத்துவ அமைப்புகளோடு, மார்பகப் புற்றுநோய்ப் பெண்கள் இயக்கமும், சோதனைக்குப் பணம் கட்ட முடியாமலோ மறுகருத்துக் கேட்க முடியாமலோ நின்ற பெண்களும் வாதிகளாக இருந்தார்கள். 2013 மே மாதம் ஏஞ்சலினா ஜோலி தனக்கு பி.ஆர்.சி.ஏ.1 பிழை இருப்பதையும் மார்பகங்களை அகற்றிக்கொண்டதையும் நியூயார்க் டைம்ஸில் எழுதினார். சோதனைக் கட்டணம் பல பெண்களுக்கு எட்டாதது என்பதையும் அதிலேயே சொன்னார். அடுத்த மாதம் 13ஆம் தேதி அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமித்த தீர்ப்பு வழங்கியது: இயற்கையாக உள்ள டிஎன்ஏ துண்டைப் பிரித்தெடுத்ததற்காக மட்டும் காப்புரிமை கோர முடியாது. ஆய்வகத்தில் செயற்கையாக உருவாக்கும் வடிவங்களுக்குக் கதவு திறந்தே இருந்தது. ஆனாலும் அது பெரிய வெற்றி.

1995 முதல் சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிவந்த கிங்கும் சகாக்களும் பல மரபணுக்களை ஒரே நேரத்தில் படிக்கும் ஒரு சோதனையை உருவாக்கியிருந்தார்கள். தீர்ப்புக்குப் பின் பி.ஆர்.சி.ஏ. மரபணுக்களும் அதில் சேர்ந்தன. அந்தச் சோதனையின் பெயர் புரோக்கா. அவர் நினைவாக வைத்ததுதான். கிங் மீது எனக்குள்ள மரியாதை குறையாமலே இதைச் சொல்லலாம்: லுகோல் என்று வைத்திருக்கலாம்.

விமர்சனம் பெயரோடு முடிவதில்லை. 2014இல் லாஸ்கர் விருது பெற்றபோது கிங் ஒரு யோசனையை முன்வைத்தார்: 30 வயதை ஒட்டிய ஒவ்வொரு பெண்ணுக்கும் பி.ஆர்.சி.ஏ. சோதனையைச் சாதாரண மருத்துவத்தின் பகுதியாக வழங்க வேண்டும். இதற்குப் பின்னால் எஃப்ரத் லெவி-லஹாதும் அவரும் இஸ்ரேலில் நடத்திய ஆய்வு இருக்கிறது. அது பெண்களிடமிருந்து தொடங்கவில்லை. அஷ்கனாசி யூத ஆண்கள் 8,195 பேரைச் சோதித்து, பிழை உள்ள 175 பேரின் குடும்பப் பெண்களைத் தேடிப்போனது. அந்தக் குடும்பங்களில் ஏறக்குறைய பாதியில் சந்தேகப்படும் அளவுக்குப் புற்றுநோய் வரலாறே இல்லை. ஆனால் பிழையைச் சுமந்த பெண்களுக்கு ஆபத்து அதிகமாகத்தான் இருந்தது. இந்த மரபணு ஆணுக்கும் உண்டு. உடைந்த டிஎன்ஏவைப் பழுதுபார்ப்பது அதன் வேலை. பிழைபட்ட பிரதி தந்தையிடமிருந்து வர, தாயிடமிருந்து வரும் அதே அளவு வாய்ப்பு இருக்கிறது. மகன்கள் மட்டுமே பிறந்த தலைமுறையில் அது சத்தமில்லாமல் கடந்துபோகும். பெண்களின் நோய் என்று நாம் எண்ணியது ஆண்களின் உடம்பில் மௌனமாகப் பயணம் செய்கிறது.

எனவே குடும்ப வரலாறு இருந்தால்தான் சோதனை என்ற விதி பாதிப் பெண்களைக் கைவிடுகிறது என்ற கிங்கின் வாதம் நியாயமானது. என் தயக்கம் வேறு. மார்பகப் புற்றுநோய்களில் 5 முதல் 10 விழுக்காடுதான் மரபுவழிப் பிழையால் வருபவை. மற்ற பெண்கள் மரபணு பற்றிய இந்தப் பேச்சின் வெளியே நிற்கிறார்கள். சோதனை முடிவைப் புரிந்துகொள்ளப் பெரிதும் ஐரோப்பிய வம்சாவளியினரின் தரவுகளே ஆதாரமாக இருந்துவந்திருக்கின்றன; மற்ற இனத்துப் பெண்களுக்குப் 'பொருள் தெரியாத மாற்றம்' என்ற பதில் கூடுதலாக வருகிறது. பிழை இருப்பது தெரிந்தபின் தொடர் கண்காணிப்புக்கும் அறுவைக்கும் பணம் யார் தருவது, முடிவு யார் எடுப்பது என்ற கேள்விகளும் சோதனைக் குழாயில் அடங்காதவை.

மரபணுவே விதி என்று சொல்கிறவர்களுக்கு கிங்கின் சொந்த ஆய்வே பதில். 2003இல் நியூயார்க் பெண்களைக் குறித்து வெளிவந்த அவரது ஆய்வில், ஒரே வகைப் பிழையைச் சுமந்தவர்களில் 1940க்கு முன் பிறந்தவர்களுக்கு 50 வயதுக்குள் மார்பகப் புற்று வரும் வாய்ப்பு 24 விழுக்காடு; 1940க்குப் பின் பிறந்தவர்களுக்கு 67 விழுக்காடு. மரபணு மாறவில்லை. வாழ்ந்த காலம் மாறியிருக்கிறது. இளமையில் உடலுழைப்போ விளையாட்டோ இருந்தவர்களுக்கு நோய் தாமதமாக வந்தது. 'உங்க ரத்தத்திலேயே இருக்கு' என்று ஒரு பெண்ணின் மேல் பழி போடுகிறவர்கள் படிக்க வேண்டிய கணக்கு இது.

அந்தப் பழி நமக்குப் புதிதில்லை. நம் வீடுகளில் இந்த நோய்க்குப் பெயரே கிடையாது. 'அந்த நோய்', 'கட்டி', 'மேலுக்கு முடியலை' என்று சுற்றிச் சுற்றித்தான் பேச்சு. என் அப்பாவின் தங்கை நாற்பதுகளில் இறந்தாள். 'உடம்பு இளைச்சு இளைச்சுப் போயிட்டா' என்பதுதான் எங்களுக்குச் சொல்லப்பட்ட காரணம். அவளுக்கு இரண்டு பெண்கள். வரன் பார்க்கும் வயது. நோயின் பெயர் வெளியே தெரிந்தால் சம்பந்தம் தட்டிப்போகும் என்ற பயத்தில் மொத்தக் குடும்பமும் வாயை மூடிக்கொண்டது. அந்தப் பயம் கற்பனையும் இல்லை. ஆனால் அந்த மௌனத்துக்குப் பின்னால் என்ன போயிற்று என்று கிங்கை வாசித்த பிறகுதான் எனக்கு முழுதாக உறைத்தது. எந்த உறுப்பில், எந்த வயதில் என்ற இரண்டு தகவல்கள். ஒரு மருத்துவர் கேட்கும் முதல் இரண்டு கேள்விகளுக்கான பதில்கள். அவை அவள் மகள்களுக்கும் போய்ச் சேரவில்லை, அண்ணன் மகளான எனக்கும் போய்ச் சேரவில்லை.

இதில் வேதனை என்னவென்றால், இந்தத் தகவலைச் சுமக்கத் தேவையான சொற்கள் நம் மொழியில் தயாராக இருக்கின்றன. ஆங்கிலத்தில் ஆன்ட் என்றால் அப்பா வழியா அம்மா வழியா தெரியாது. தமிழில் பெரியம்மா, சித்தி என்றால் ஒரு பக்கம், கூடப்பிறந்த அத்தை என்றால் மறுபக்கம். உறவுப்பெயரிலேயே வம்சாவளி வரைபடம் இருக்கிறது. மருத்துவமனையில் 'அம்மாவுக்கு இருந்ததா, அக்காவுக்கு இருந்ததா' என்று கேட்டு நிறுத்திக்கொள்ளும்போது அத்தை விடுபட்டுப்போகிறாள். அப்பாவின் அம்மாவும் விடுபட்டுப்போகிறாள். பாதிப் பிழை வரக்கூடிய பக்கம் அது.

பேசாத வழக்கத்தை மீறியவர்களும் நம் வரலாற்றில் இருக்கிறார்கள். முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அந்தச் சாவை வீட்டுத் துக்கமாக மட்டும் விட்டுவிடாமல் பொதுக் கேள்வியாக்கினார். பல ஆண்டு முயற்சிக்குப் பின் 1954இல் சென்னை அடையாறில் புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. மறுத்தவர்கள் முன் பாட்டிமார் நின்றதும், கிங் நின்றதும், முத்துலட்சுமி நின்றதும் ஒரே வகையான இடம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது: இது எங்கள் வீட்டில் நடந்தது, எழுதிக்கொள்ளுங்கள்.

என் முதுகலை வகுப்பில் இப்போதெல்லாம் ஆண்டுக்கு ஒருமுறை மூன்று தலைமுறைப் பெண்களின் பெயர்களை, இரண்டு பக்கத்திலும், எழுதிவரச் சொல்கிறேன். பக்கத்தில் வயது, இறந்த காரணம். அப்பாவின் தாத்தா பெயர் தெரிந்த மாணவிகளுக்கு அம்மாவின் பாட்டி பெயர் தெரிவதில்லை. விடுமுறையில் ஊருக்குப் போய்க் கேட்டு வருகிறார்கள். சில கட்டங்கள் நிரம்புகின்றன. சிலவற்றில் 'சொல்ல மாட்டேங்கறாங்க' என்று எழுதிக் கொண்டுவருகிறார்கள். அதையும் அழிக்காமல் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். எந்தக் கட்டத்தைப் பற்றி இன்னும் கேட்க வேண்டும் என்பதற்கு அது குறிப்பு.